முள்ளங்கிப் பாத்தியும் ரம்ப ஈயும்

அந்த மார்கழியில் என் மகள் விடாமல் வாந்தி எடுத்து, கண் செருகி, ஈரத்துணி மாதிரி என் தோளில் தொங்கியது எதனால்? இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரியும். மாமியாருக்கு, அது நான் ஜாடியில் வளர்த்த புழுவால் வந்தது. ஓப்படியாளுக்கு, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவிக்கு, அது நான் பிள்ளையை விட்டுவிட்டு வெளியே போனதால் வந்தது. என் கணவருக்கு அது வெறும் அஜீரணம். மருந்துப் பொடி என்ற பேச்சை எடுத்தவள் நான் ஒருத்திதான். அதையும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. உறுதியாகத் தெரியாததை உறுதி என்று எழுதக்கூடாது என்றுதான் எனக்குப் படிப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் படிப்பு இல்லாதவர்கள் எல்லோரும் அடித்துப் பேசுகிறார்கள். படித்தவள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். இதை எழுதும்போதும் கோபத்தில் எழுத்து கோணலாகத்தான் வருகிறது.

நான் விலங்கியல் படித்தவள். காரைக்குடியிலேயே கல்லூரி இருந்ததால் அப்பச்சி, அதாவது என் அப்பா, படிக்க அனுப்பினார்கள். ரயிலேறிப் போக வேண்டியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்கள். கரப்பான், தவளை, மண்புழு என்று அறுத்து, வரைந்து, பெயர் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். கடைசிப் பரீட்சை எழுதின கையோடு கல்யாணம். ஒரு வருடம் மாமியார் அடுப்பில் இருந்தோம். பிறகு வழக்கப்படி எங்களை வேறு வைத்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: வேறு வைப்பது என்றால் வேறு வீடு இல்லை. அதே வீடு, அதே வளவு முற்றம், அதே கிணறு. அடுப்பு மட்டும் வேறு. அரிசி பருப்பிலிருந்து அகப்பை வரை தனித்தனி. ஆனால் ஒரு அடுப்பில் விசேஷமாக எதைச் செய்தாலும் மற்ற அடுப்புகளுக்குத் தூக்கில் வரும். அதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. தூக்கை வெறுமனே திருப்பவும் கூடாது. கணவர் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. மாதம் ஒரு தடவை வருவார்கள். ஆக, என் அடுப்பு என்பது நானும் மகளும்தான்.

அடுப்பு வேறு என்றால் பாத்தியும் வேறு. கிணற்றடித் தண்ணீர் ஓடிப் பாயும் இடத்தில் மாமியாருக்கு நாலு பாத்தி, அதை ஒட்டி எனக்கு இரண்டு. ஐப்பசி மழையில் எல்லோரும் முள்ளங்கி விதை போட்டோம். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. காய் என்று எதைக் காட்டினாலும் வாயை இறுக மூடிக்கொள்வாள். முள்ளங்கிக் கீரையைப் பாசிப்பருப்போடு வேகவைத்து, நெய் விட்டுச் சோற்றில் பிசைந்தால் மட்டும் வாயைத் திறப்பாள். அவள் எடை ஏறவில்லை என்று எனக்கு ஓயாத கவலை. அதனால் அந்தக் கீரை எனக்குச் சாதாரணக் கீரை இல்லை. அவள் உடம்பில் சேரும் ஒரே பச்சை அதுதான்.

கார்த்திகை முடியும் நேரத்தில் இலைகளில் ஓட்டை விழுந்தது. முதலில் ஊசி குத்தின மாதிரி, பிறகு சல்லடை மாதிரி, கடைசியில் நரம்பு மட்டும் மிஞ்சியது. இலையைத் திருப்பினால் கரும்பச்சைப் புழுக்கள். உடம்பெல்லாம் சுருக்கம், முதுகில் கறுப்புக் கோடுகள், மிளகு மாதிரித் தலை. ஒன்றை விரலால் தொட்டதும் சுருண்டு பொத்தென்று மண்ணில் விழுந்து செத்தது போலக் கிடந்தது. அதுதான் என்னைச் சந்தேகப்பட வைத்தது. முட்டைக்கோசிலும் கத்தரியிலும் நான் பார்த்த புழுக்கள் இப்படி நாடகம் ஆடுவதில்லை.

மாமியார் வட்டார அலுவலகத்து விவசாய உதவியாளரை வரவழைத்தார்கள். திருப்பத்தூர்ப் பக்கத்து ஆள், வீட்டுக்குப் பழக்கமானவர். காப்பி வந்தது, குடித்தார். பாத்திக்குப் பக்கத்தில் போகவே இல்லை. நான் ஒரு இலையைப் பறித்துக் கொண்டுவந்து நீட்டினேன். அதையும் கையில் வாங்காமல் எட்டிப் பார்த்தார்.

"அந்துப்பூச்சிப் புழு, ஆச்சி. இந்த வருசம் எல்லாப் பக்கமும் இதுதான். பி.எச்.சி. பூச்சிமருந்துப் பொடி தூவுங்க, சுத்தமாயிரும்."

"அந்த இலையைப் பிள்ளை திங்குதுங்க" என்றேன்.

"கழுவிட்டுச் சமைங்க, சின்ன ஆச்சி. ஊருல எல்லாரும் கழுவாமலா திங்கிறாக?"

"இது அந்துப்பூச்சிப் புழு மாதிரித் தெரியல. வயித்துல காலு அதிகமா இருக்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீகளா ஆச்சி, புழுவுக்குக் காலு எண்ணுறாக. செருப்பு எடுத்துக் குடுக்கப் போறாக போல."

மாமியாரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. பொடிப் பொட்டலம் அன்று சாயங்காலமே ஆள் மூலம் வந்துவிட்டது.

மகள் தூங்கிய பிறகு கல்லூரி நாளில் வாங்கின கைலென்ஸைத் தேடி எடுத்தேன். புழு ஒன்றைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தேன். இலை தின்னும் இந்த மாதிரிப் புழுக்களுக்கெல்லாம் தலையை அடுத்து ஆறு நிஜக் கால்கள் இருக்கும். அதற்குப் பின்னால் வயிற்றில் இருப்பவை சதைக்கால்கள், குண்டாக, உறிஞ்சிப் பிடிக்கிற மாதிரி. பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இனத்துப் புழுக்களுக்குச் சதைக்கால் ஐந்து ஜோடிக்கு மேல் போகாது. இதற்கு எண்ணினேன்: எட்டு ஜோடி. சரியாக எண்ணினேனா என்று சந்தேகம் வந்தது. வேறொரு புழுவை எடுத்தேன். அதற்கும் எட்டு. பெரிய புழு, குட்டிப் புழு, சுருண்டது, நிமிர்ந்தது என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும், அரசாங்கத்து ஆள் சொன்னதை மறுக்க நான் யார் என்றும் ஒரு எண்ணம் வந்தது. பிறகு கண்ணைப் பார்த்தேன். அந்துப்பூச்சிப் புழுவுக்குத் தலையின் இரு பக்கமும் பொடிப்பொடியாகக் கொத்துக் கண்கள். இதற்குப் பக்கத்துக்கு ஒரே ஒரு கறுப்புப் பொட்டு. அதற்கு மேல் சந்தேகப்பட இடமில்லை.

இது ரம்ப ஈயின் புழு. ஆங்கிலத்தில் சாஃப்ளை என்று படித்திருந்தேன். ஈ என்று பெயர், ஆனால் ஈ இல்லை. ஈக்கு இரண்டு இறக்கை, இதற்கு நான்கு. குளவி, தேனீ, எறும்புக் கூட்டத்தைச் சேர்ந்தது. பெண் பூச்சியின் வயிற்று நுனியில் சின்ன ரம்பம் மாதிரி ஒரு உறுப்பு உண்டு. அதனால் இலையின் ஓரத்தைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். கடுகு, முள்ளங்கி வகைச் செடிகளைத் தின்னும் ஒரு ரம்ப ஈ நம் நாட்டில் இருக்கிறது என்று பாடப்புத்தகத்தில் அடிக்குறிப்பு மாதிரி ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி என் முள்ளங்கிப் பாத்தியில் நடமாடிக்கொண்டிருந்தது.

பெயர் தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்பார்கள், கேட்டார்கள். பெயர் தெரிந்தால் பழக்கம் தெரியும். இந்தப் புழு காலையிலும் சாயங்காலமும்தான் தின்னும். வெயில் ஏறினால் மண்ணுக்குள் இறங்கிவிடும். தொட்டால் தானாக விழும். அப்படியானால் காலையில் ஒரு தட்டில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரை வைத்துக்கொண்டு செடியைத் தட்டினாலே போதும், பாதிப் புழு தட்டில் இருக்கும். பொடி வேண்டாம். பிள்ளை தின்னும் இலையில் விஷம் வேண்டாம். இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. மறுநாள் மாமியாரிடம் சொன்னேன்.

"பாத்தியில புழுப் பொறுக்குறதுக்கா ஒன்னைக் காலேசுக்கு அனுப்புனாக?" என்றார்கள். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி. "ஒன் பாத்தியில நீ என்னமும் பண்ணு. நான் கேக்கல. என் பாத்தி என் இஷ்டம்."

அடுப்பு வேறு என்றால் நியாயமும் வேறு. அதற்கு மேல் ஒரு மருமகள் பேச முடியாது.

நான் என் பாத்தியில் காலையும் மாலையும் செடியைத் தட்டினேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆத்தா, இந்தா ஒண்ணு, இந்தா ஒண்ணு" என்று காட்டுவாள். கையால் தொடவிட மாட்டேன். ஒரு வாரத்தில் புதுத் தளிர் ஓட்டையில்லாமல் வந்தது. மாமியார் பாத்தியில் என்ன நடந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். உச்சி வெயிலில், முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு, மாவு சலிக்கும் சல்லடையில் பொடியைக் கொட்டி, இடுப்பை வளைத்து, பாத்தி பாத்தியாகச் சலித்துக்கொண்டே போனார்கள். எங்கள் வீடுகளில் பலகாரத்துக்கு மாவு சலிப்பதில் ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமை அப்படியே விஷத்துக்கும் வந்துவிட்டது.

"அயித்தை, அது மாவு சல்லடையில்ல?"

"பழசுதான். இப்படிச் சலிச்சாத்தான் ஒண்ணுபோல விழும். அந்தாளு சொன்ன மாதிரித் துணியில கட்டித் தட்டுனா ஒரு பக்கம் குமியுது, ஒரு பக்கம் ஒண்ணுமில்ல."

"இப்ப புழு இலையில இல்ல அயித்தை. மண்ணுக்குள்ள இருக்கு, பாருங்க." குச்சியால் கிளறிக் காட்டினேன். சுருண்டு கிடந்தன.

"அப்ப மண்ணுலயும் விழட்டும்" என்று சொல்லி, அங்கும் சலித்தார்கள்.

வாடைக்காற்று அடித்தது. என் பாத்தி இலைகளிலும் வெள்ளையாகப் படிந்தது. அன்று பறித்த கீரையைக் குப்பையில் போட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும். பொடிக்குப் புழு சாகவில்லை என்று சொன்னால் அது பொய். செத்தது. இரண்டு மூன்று தடவை சலித்த பிறகு அவர்கள் பாத்தியும் சுத்தமானது. உதவியாளர் வந்து பார்த்து, "சொன்னேன்ல" என்று இன்னொரு காப்பி குடித்துவிட்டுப் போனார். என் பாத்தி எப்படிச் சுத்தமானது என்று அவர் கேட்கவில்லை. காற்றில் வந்த பொடியால்தான் என்று நினைத்திருப்பார். அதுவும் ஒருவேளை கொஞ்சம் காரணமாக இருக்கலாம் என்று நானே எனக்குள் சொல்லிக்கொண்டேன். இந்தப் புத்திதான் என் தலையெழுத்து.

புழுவை மட்டும் பார்த்து இனம் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வளர்ந்த பூச்சி வேண்டும் என்று தோன்றியது. சில புழுக்களைக் கண்ணாடி ஜாடியில் மண்ணோடும் இலையோடும் விட்டேன். எங்கள் கல்யாணங்களில் பெண்ணுக்குச் சாமான் வைப்பது ஊரறிந்தது. ஜாடி, தூக்கு, தாம்பாளம், சல்லடை, முறம் எல்லாம் ஒன்று ஒன்றாக இல்லை, டஜன் கணக்கில், ஒரே அச்சில். பரப்பி வைத்து ஊருக்குக் காட்டிவிட்டுப் பூட்டி வைத்துவிடுவார்கள். என் சாமானில் இருந்த ஒரு ஜாடியைத்தான் எடுத்தேன். என் ஆத்தா எனக்கு வைத்த ஜாடி. ஓப்படியாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அடியாத்தீ, ஊறுகா போடுற சாடியில புழு வளக்குறியே. ஒங்க ஆத்தா பாத்தா என்ன சொல்லுவாக?"

"அவுக பூட்டி வைக்கத்தான் குடுத்தாக ஆச்சி. நான் பொழங்குறேன்."

"பொழங்கு, பொழங்கு. பிரசவம் பாத்துப் பேரும் வையி."

அவள் கிண்டலாகச் சொன்னாலும் அதுதான் நடந்தது. புழுக்கள் தின்பதை நிறுத்தி மண்ணுக்குள் இறங்கின. மண் ஒட்டிய சின்னக் கூடுகள். நாட்கள் ஓடின. எல்லாம் செத்துவிட்டன என்று நினைத்த பிறகு ஒரு காலையில் ஜாடியின் உட்பக்கத்தில் பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த உடம்பு, கறுப்புத் தலை, புகை படிந்த மாதிரி நான்கு இறக்கைகள். குளவி மாதிரித் தெரிந்தது, ஆனால் குளவிக்கு இருக்கிற ஒடிந்துவிழும் இடுப்பு இல்லை. ஒன்றின் வயிற்று நுனியை லென்ஸில் பார்த்தபோது ரம்பம் தெரிந்தது. ஒரு மயிரிழை அளவுக்குப் பல் பல்லாக. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஜாடியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

ஒரு பூச்சியைக் குப்பியில் அடைத்துக் கொண்டுபோய், எனக்குப் பாடம் எடுத்த விலங்கியல் ஆசிரியரிடம் காட்ட வேண்டும் என்று ஆசை. பிள்ளையார் நோன்புக்கு முந்தின நாள். வீட்டில் இழை மாவுக்கு, அதாவது நோன்பன்று திரி வைத்து ஏற்றிச் சுடரோடு விழுங்கும் மாவு உருண்டைக்கு, அரிசி இடித்துச் சலித்துக்கொண்டிருந்தார்கள். மாமியாரிடம், கல்லூரியில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பூச்சியைக் காட்டிட்டு வந்துருறேன் அயித்தை" என்றே சொன்னேன். "பிள்ளைய நான் பாத்துக்கிறேன், போ" என்றார்கள். "கீரை மட்டும் குடுக்காதீக" என்று சொல்லிவிட்டுப் போனேன். சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேட்கவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள்.

ஆசிரியர் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். "சபாஷ். சாஃப்ளைதான். கடுகுச் செடியைத் திங்கிற சாதி. சிற்றினம் எதுன்னு அடிச்சுச் சொல்ல எனக்கே தைரியமில்லை, அதுக்குன்னு இருக்கிறவங்க பார்க்கணும். ஆனா நீ வந்திருக்கிற தூரம் சரி" என்றார்.

"அப்ப அந்த உதவியாளர் சொன்னது தப்புதானே சார்?"

"தப்புதான். அதனால என்னம்மா? எந்தச் சாதிப் புழுவா இருந்தாலும் மருந்து அதேதானே."

"தெரிஞ்சா கையால தட்டி எடுக்கலாமே சார். மருந்தே வேண்டாமே."

"யாரும்மா தட்டுவா? உனக்கு வீட்ல வேலையில்லை, தட்டுவே." சிரித்துக்கொண்டே பூச்சி இருந்த குப்பியைத் திருப்பித் தந்தார். "நல்ல ஸ்டூடண்ட் நீ. கல்யாணம் பண்ணி வீணாயிட்டே."

அன்புடன்தான் சொன்னார். அதுதான் பொறுக்க முடியவில்லை. நான் சொன்னது சரி என்று ஒத்துக்கொண்ட ஒரே மனிதர், அது சரியாக இருப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். ஆனாலும் திரும்பி வரும்போது மனது லேசாகத்தான் இருந்தது. வழியெல்லாம் கணவருக்கு எழுத வேண்டிய வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வாந்தி நாற்றம். மகள் மாமியார் மடியில் கிடந்தாள். உதடு வெளுத்து, கைவிரல்கள் லேசாக வெட்டி வெட்டி இழுத்தன. "குளிருது பிள்ளைக்கு" என்றாள் ஓப்படியாள். அது குளிர் இல்லை. அன்று வெயில் நன்றாக அடித்தது.

"என்ன குடுத்தீக?" என்று கேட்டேன்.

"என்ன குடுத்தேன், நெய்ச்சோறுதான்" என்றார்கள் மாமியார்.

ஓப்படியாள், "ரெண்டு வாய் கீரையும் வாங்குச்சு, ஆசையாக் கேட்டுச்சுன்னு நீங்கதானே..." என்று இழுத்தாள்.

"ரெண்டு வாயா? நுனி நாக்குல வச்சேன். கழுவித்தான் சமைச்சது."

"எந்தப் பாத்திக் கீரை?"

ஓப்படியாள் வாந்தித் துணியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பிறகு மாமியார் குரல் மாறியது. "கீரையை ஏன் சொல்லுற? ஒன் சாடி மூடி கீழ கெடந்துச்சு. பிள்ளை கையில மண்ணு. அந்தப் பூச்சியைத் தொட்டுட்டு வாயில வச்சிருக்கும். வெசப்பூச்சிய வீட்டுக்குள்ள வளத்தது யாரு?"

ரம்ப ஈ விஷப் பூச்சி இல்லை. அதன் புழுவைக் கோழி தின்னும், மைனா தின்னும். இதையெல்லாம் விளக்க எனக்கு நேரம் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "ஏதோ ஒத்துக்கலை" என்றார். நான் பி.எச்.சி. பொடி என்றேன். "கீரை கழுவினீங்கதானே?" என்று கேட்டார். எல்லோரும் அதே கேள்வி. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், ஒரு ஊசி. விடிந்தபோது கண்ணைத் திறந்து, "ஆத்தா, சோறு" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கு முன்னால் நான் எந்தெந்தச் சாமிக்கு என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்று இன்னும் எனக்குக் கணக்கில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. முந்தின நாள் காலை, நான் கிளம்பும்போது அவள் மாவு சலிக்கும் இடத்தில் விளையாடினாள். பச்சை மாவை அள்ளி வாயில் போடுவது அவள் வழக்கம். மாவு எந்தச் சல்லடையில் சலித்தது?

"மருந்து சலிச்ச சல்லடை எங்க அயித்தை?"

"கழுவி உள்ள வச்சாச்சு."

"எது?"

"வீட்டுல ஒரு சல்லடையா இருக்கு, அடையாளம் சொல்ல?"

சாமான் அறையைத் திறந்தேன். வரிசையாகச் சல்லடைகள் தொங்கின. மாமியார் சாமான், ஓப்படியாள் சாமான், என் சாமான், நாத்தனாருக்குக் கொடுத்ததில் மிஞ்சினவை. எல்லாம் ஒரே அளவு, ஒரே கம்பி வலை. ஊருக்குக் காட்ட டஜன் டஜனாக அடுக்கினார்களே, அதில் எது விஷம் சலித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. லென்ஸை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் விளிம்பையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் வெள்ளைத் துகள். மாவும் வெள்ளை, பொடியும் வெள்ளை. மோந்து பார்த்தேன். ஒன்றில் அந்தப் பொடியின் மக்கல் வாடை அடித்தது போல் இருந்தது. அந்த அறையே மக்கல் வாடைதான். ஒரு பூச்சியின் கண்ணையும் காலையும் பார்த்து அதன் குலத்தைச் சொல்லத் தெரிந்தவள், என் வீட்டுச் சல்லடைகளில் ஒன்றை அடையாளம் காண முடியாமல் நின்றேன்.

வாடை அடித்ததாக நினைத்ததை எடுத்துக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். அது ஓப்படியாள் சாமானில் ஒன்றாம். நோன்பன்று, இழை எடுத்து முடிந்ததும் சண்டை தொடங்கியது. "எங்க ஆத்தா வச்ச சாமான். அதைப் பொதைக்க இவ யாரு? இன்னைக்குச் சல்லடை, நாளைக்கு யாரைப் பொதைப்பாளோ." மாமியார் அவள் பக்கம். கணவரின் சித்தப்பா வீட்டு ஆட்கள்கூட வந்து பேசினார்கள். என் பிள்ளை செத்துப் பிழைத்ததைப் பற்றி ஒரு நாள் பேசியவர்கள், அந்தச் சல்லடையைப் பற்றிப் பொங்கல் வரைக்கும் பேசினார்கள். கணவர் சென்னையிலிருந்து வந்து, புதுச் சல்லடை வாங்கிக் கொடுத்து, என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்கள்.

"நீ எதுக்கு அன்னைக்குப் போனே?"

"நான் போனதாலயா பிள்ளைக்கு வாந்தி வந்துச்சு?"

"நீ இருந்திருந்தா கீரை குடுத்திருக்க மாட்டாகள்ல."

"அப்ப கீரைதான்னு ஒத்துக்கிறீக."

"நான் எதையும் ஒத்துக்கல. அஜீரணம். விடு."

விட்டேன். என்ன செய்வது? ஜாடியைக் கழுவிப் பூட்டி வைத்தேன். ஒரு பூச்சியை மட்டும் குண்டூசியில் குத்தி, அட்டையில் எங்கள் ஊர், முள்ளங்கி இலை, மார்கழி என்று எழுதி வைத்திருக்கிறேன். சிற்றினப் பெயருக்கு இடம் காலியாக இருக்கிறது.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நன்றாக இருக்கிறாள். படிக்கும்போது விரல் நடுங்குகிறதா என்று நான் ஓரக்கண்ணால் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. நடுங்கவில்லை. அப்படியும் பார்க்கிறேன். அவளுக்குத் தம்பி பிறந்து, இப்போது தத்தித் தத்தி நடக்கிறான். காலையில் கண் விழித்ததும் மாமியார் அடுப்படிக்குத்தான் ஓடுகிறான். அவர்கள் அவனை மடியில் வைத்துக்கொண்டு தம் தட்டிலிருந்து ஊட்டுகிறார்கள். அவர்களுக்குப் பேரன் மேல் உயிர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் எல்லாம் தட்டில் இருப்பதைப் பற்றித்தான். இந்த வருடமும் பாத்தியில் முள்ளங்கி. உதவியாளர் மாறிவிட்டார், புதியவர் இளைஞர், பேண்ட் போட்டவர். பொடி மாறவில்லை. போன வாரம் தூக்கில் கீரை மசியல் வந்தது. "சின்னவனுக்குன்னு நெய் கூட விட்டிருக்கேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வாங்கி வைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் கொட்டினேன். தூக்கில் அதிரசம் வைத்துத் திருப்பினேன். இப்படி எத்தனை நாள் கொட்டுவது? அவன் அங்கே உட்கார்ந்து தின்பதை எப்படித் தடுப்பது? அவர்கள் பாத்தியில் நானே போய்த் தினமும் புழுத் தட்டட்டுமா? அப்படிச் செய்தால் பொடியை விடுவார்களா, அல்லது தம் பாத்தியில் மருமகள் கை வைத்துவிட்டாள் என்பார்களா? சென்னையில் தனி வீடு பார்க்கச் சொல்லலாம். முள்ளங்கிக்காகக் குடும்பத்தைப் பிரித்தவள் என்று அது என் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பேசத் தெரியவில்லை. கோபத்தில் பேசினால் சண்டையாகிறது, பொறுமையாகப் பேசினால் சிரிப்பாகிறது.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல் ஒரே கூரையின் கீழ் வேறு அடுப்பு வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். பிள்ளைக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்று மாமியாரிடம் சொல்லி, அவர்கள் மனம் நோகாமல் அதைக் கேட்கவும் வைத்த பெண் உங்களில் யாராவது இருந்தால், என்ன சொன்னீர்கள், எந்த நேரத்தில் சொன்னீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.